புளி போட்டு மினுக்கிய பதக்கம்

பக்கத்து வீட்டு அன்ரி, குளியலறைக்குப் போகும் வழியில் சுவரில் தொங்கிய சின்னச் சட்டகத்தைக் கழற்றி என் கையில் தந்தார். அது இருந்த இடம் மட்டும் சுவரில் வெள்ளையாகத் தெரிந்தது.

"என் தாத்தா அங்கே என்ன செய்தார் என்று கண்டுபிடித்துச் சொல். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, அடுத்த வெள்ளிக்கிழமை," என்றார்.

சட்டகத்தின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வட்டப் பதக்கம், நிறம் மங்கிய கோடு போட்ட நாடாவில் தொங்கியது. கிட்டத்தட்டக் கறுப்பாக இருந்தது. தலைக்கவசம் அணிந்த ஒரு முகம், அதைச் சுற்றி ஜேர்மன் எழுத்தில் தென்மேற்கு ஆபிரிக்கா என்று பொறித்திருந்தது. பதினைந்து வருடமாக அந்த வீட்டுக்குப் போய் வருகிறேன். நாணயம் சேர்க்கிறவன் வேறு. இருந்தும் அதை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

நின்று பார்த்தது வேறொருவர். அன்ரிக்கு எண்பத்தாறு வயது. இடுப்பெலும்பு முறிந்த பிறகு கிழமைக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், ஒரு பராமரிப்பு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்து அவரைக் குளிக்க வார்த்து உடுத்திவிட்டுப் போவார். நாற்பது வயது இருக்கும். நமீபியாவிலிருந்து வந்தவர்; தென்மேற்கு ஆபிரிக்கா என்பது அந்த நாட்டின் பழைய பெயர். முந்தின வெள்ளிக்கிழமை, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர் சட்டகத்தின் முன்னால் நின்றாராம். கண்ணாடியில் விரலை வைத்து எழுத்தை ஒவ்வொன்றாக வாசித்தாராம். "என் அம்மாவின் ஆட்கள் ஹெரெரோ. அந்த இடத்து ஆட்கள்," என்றாராம். அதற்குப் பிறகு, "தண்ணீரைத் திறக்கட்டுமா?" என்று கேட்டாராம்.

"அவள் என் முதுகைத் தேய்க்கிறாள்," என்றார் அன்ரி. "நான் திரும்பி உட்கார்ந்திருக்கிறேன். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. அவளிடம் எதையாவது சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று தெரிந்தால்தானே சொல்லலாம்."

அன்ரி சின்ன வயதில் ஜேர்மனியிலிருந்து பெற்றோருடன் இந்த நாட்டுக்குக் கப்பலில் வந்தவர். நாங்கள் ரோவில் புறநகரில் வீடு வாங்கிக் குடிவந்த முதல் நாள், என் மனைவி பழக்கதோஷத்தில் வேலிக்கு மேலால் "அன்ரி" என்று கூப்பிட்டுவிட்டாள். "நான் யாருக்கு அன்ரி?" என்று அவர் கேட்டார். அந்த நத்தாருக்கு வந்த கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டையில் கையெழுத்துக்குக் கீழே அவரே அன்ரி என்று எழுதியிருந்தார். தாத்தாவைப் பற்றி அவருக்கு நேரடி ஞாபகம் ஒன்றே ஒன்றுதான்: முழுப் பாண் ரொட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, கத்தியைத் தன் பக்கமாக இழுத்து வெட்டுவாராம். மீதி எல்லாம் அவருடைய அம்மா சொன்னது. அம்மா சொன்னது ஒரு வசனம். "அவர் அங்கே பட்டாளத்துக்குப் பாண் சுட்டவர்."

"நீ எல்லாவற்றையும் எழுதி வைக்கிற ஆள். உனக்கு இது முடியும்," என்றார் அன்ரி. நான் பின்பக்க மேசையில் இருந்து நாட்குறிப்பு எழுதுவதை அவர் தன் யன்னலால் பார்த்திருக்கிறார். எனக்கும் முடியும் என்றுதான் பட்டது. இந்த நாட்டுப் பதக்கங்கள் சிலவற்றை முன்பு தேடிக் கொடுத்திருக்கிறேன். பதக்கத்தின் விளிம்பைத் திருப்பினால் ஆளின் இலக்கமும் பெயரும் வெட்டியிருக்கும். அதைக் கணினியில் போட்டால், அவன் எந்தக் கப்பலில் ஏறினான், எந்த ஆஸ்பத்திரியில் படுத்தான் என்பது வரை வந்துவிடும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து சட்டகத்தின் பின்பலகையைக் கழற்றாமலே, கைவிளக்கைச் சாய்த்து விளிம்பைப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது. சுற்றிவரப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

எங்கள் நாணயச் சங்கத்தில் ஜேர்மன் பதக்கங்கள் சேர்க்கும் ஒருவர் இருக்கிறார். ரயில்வேயில் வரைபடம் கீறி ஓய்வு பெற்றவர். மாதக் கூட்டத்தில் தேநீர் வேளையில் அவருக்குப் படத்தைக் காட்டினேன்.

"பெயர் தேடுகிறாயா?" என்று சிரித்தார். "ஆங்கிலேயன் விளிம்பில் வெட்டிக் கொடுப்பான். ஜேர்மன்காரன் தாளில் எழுதிக் கொடுப்பான். தாள் இருக்கிறதா?"

"இல்லை."

"அப்படியானால் உன்னிடம் இருப்பது வட்டமான ஒரு உலோகம்."

படைப் பதிவுகள் இருக்குமே என்றேன். இரண்டாம் உலகப் போரின் கடைசியில் குண்டு விழுந்து பெரும்பகுதி எரிந்துவிட்டது என்றார். அவர் அதைச் சொன்ன விதம், மழை வந்து கிரிக்கெட் நின்றுவிட்டது என்பது போல இருந்தது. பிறகு ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, "ஒன்று மட்டும் பார்க்கலாம். இதில் இரண்டு வகை. சண்டை பிடித்தவனுக்கு வெண்கலம். சண்டை பிடிக்காமல் உதவி செய்தவனுக்கு உருக்கு. இவ்வளவு கறுத்துப் போனதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல ஏலாது. காந்தத்தை வைத்துப் பார், ஒட்டினால் உருக்கு," என்றார்.

பாண் சுட்டவருக்கு உருக்குத்தான் கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே கார் ஓட்டி வந்தேன். அன்ரிக்கு நல்ல செய்தி கொண்டுபோகிற மனநிலை.

அடுத்த நாள் மாலை அன்ரியின் குசினி மேசையில் வைத்துச் சட்டகத்தைத் திறந்தோம். காந்தம் கொண்டுபோக மறந்துவிட்டேன். அவருடைய பிரிட்ஜில் ஒட்டியிருந்த, குழாய் திருத்துகிறவரின் விளம்பரக் காந்தம் ஒன்றை எடுத்தார். நான் பதக்கத்தை நாடாவில் தொங்கப் பிடித்தேன். அன்ரி காந்தத்தை அதன் முகத்தில் வைத்துக் கையை எடுத்தார். அது மேசையில் விழுந்தது.

"திரும்ப," என்றார்.

திரும்பவும் விழுந்தது.

"இது பழைய காந்தம். சத்துப் போயிருக்கும்." எழுந்து, ஊன்றுகோலைப் பிடித்து நடந்து, பிரிட்ஜ் கதவில் வைத்துப் பார்த்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. அவர் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பதக்கத்தின் பின்பக்கத்தை நூறு வருடத்தில் யாராவது பார்த்தார்களோ தெரியாது. கிரீடம் வைத்த ஒரு எழுத்தும் குறுக்காக இரண்டு வாளும் இருந்தன. கீழே இருந்த வரியை அன்ரியே வாசித்து எனக்குச் சொன்னார். நான் அன்றைய பக்கத்தில் அதைத் தமிழில் எழுதிக்கொண்டேன். முதலில் "வெற்றி பெற்ற போராளிகளுக்கு" என்று எழுதினேன். பிறகு அந்தச் சொல்லை வெட்டிவிட்டு, போர்வீரர்களுக்கு என்று எழுதினேன். எங்கள் ஊரில் போராளி என்ற சொல் வேறு ஆட்களுடையது.

"பாண் சுட்டவனும் வெற்றி பெற்றவன்தானே," என்றார் அன்ரி. கேள்வியா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை.

சங்கத்து நண்பரைத் தொலைபேசியில் கேட்டேன். சீருடை போட்ட பேக்கரிக்காரனுக்கும் வெண்கலம் கொடுத்திருக்கலாம், கொடுக்காமலும் விட்டிருக்கலாம், விதியில் ஒன்று இருக்கும், நடைமுறையில் ஒன்று இருக்கும் என்றார். எந்தச் சண்டை என்று காட்டும் சின்னத் தகடு நாடாவில் குத்தியிருந்தால் இடமாவது தெரியும். இதில் தகடு இல்லை. முதலிலேயே இல்லையா, யாரும் கழற்றினார்களா என்பதும் தெரியாது. "நல்ல சாமான்," என்றார். "ஒன்றும் செய்யாமல் அப்படியே வைத்திரு."

நான் நூலகத்திலிருந்து புத்தகங்கள் எடுத்து வந்து வாசித்தேன். ஜேர்மன் பட்டாளம் ஹெரெரோ மக்களை வறண்ட நிலத்துக்குள் துரத்திவிட்டு, திரும்பி வராதபடி தண்ணீர்க் கிணறுகளில் காவல் போட்டதை வாசித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய்ப் பைப்பைத் திறந்து பூச்சட்டிகளுக்குத் தண்ணீர் விட்டேன். கிணற்றடியில் காவல் நின்றவன் ஒருவேளை ஒரு வெடியும் சுட்டிருக்க மாட்டான். அவனுக்கும் யாரோ பாண் சுட்டுக் கொடுத்திருப்பார்கள்.

இதில் எதை அன்ரிக்குச் சொல்வது, எதை விடுவது என்று யோசித்துக்கொண்டு போனேன். அவர் மேசையில் அதே புத்தகங்களில் ஒன்று குப்புறக் கிடந்தது. "எனக்கும் வாசிக்கத் தெரியும்," என்றார். "அங்கே என்ன நடந்தது என்று உன்னிடம் கேட்கவில்லை. அவர் என்ன செய்தார் என்றுதான் கேட்டேன்."

அடுத்த வெள்ளி போய், அதற்கடுத்ததும் போய்விட்டது. ஜேர்மனியில் இருக்கும் ஆவணக் காப்பகங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மிக மரியாதையான பதில்கள் வந்தன. அந்தக் குடும்பப் பெயரில் ஏராளம் பேர், பிறந்த ஊர் தெரியாமல் தேட முடியாது, தெரிந்தாலும் அந்தக் காலத்துக் கோப்புகள் இல்லை. ஒருவர் மட்டும், பதக்கத்தின் இரு பக்கத்தையும் நாடாவின் தையலையும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பினால் எந்தத் தயாரிப்பு என்றாவது சொல்லலாம் என்று எழுதியிருந்தார். அன்ரி உடனே பதக்கத்தைத் தந்துவிட்டார்.

இதெல்லாம் என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. "செத்துப்போன ஒரு ஜேர்மன்காரனுக்கு இவ்வளவு மினக்கெடுறியள். முன்னுக்குப் புல்லு முழங்கால் அளவு நிக்குது."

"அவனுக்கில்லை. அன்ரிக்கு."

"அன்ரிக்கு என்ன வேணும்?"

"குளிக்க வாக்க வாற பிள்ளைக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியவேணும்."

"அந்தப் பிள்ளைக்கு என்ன வேணுமெண்டு ஆரும் கேட்டனீங்களே?"

நான் புல் வெட்டும் மெசினை எடுக்க எழுந்து போனேன். கேட்கவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஊரில் முடிந்த யுத்தத்துக்கும் பதக்கங்கள் கொடுத்தார்கள். கடைசி மாதங்களில் வன்னிக்குள் அகப்பட்ட என் அண்ணன் திரும்பி வரவில்லை. எங்கே, எப்படி என்று இன்றுவரை தெரியாது. அந்தப் பதக்கங்களில் ஒன்று இப்போது யாரோ ஒருவருடைய வீட்டில் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும். அதன் சொந்தக்காரன் ஒரு சமையல்காரனாகவும் இருந்திருக்கலாம். நான் வேலைக்குப் போகிற ஒரு வீட்டில், துவாயும் தோளுமாக நிற்கும்போது அதைக் கண்டால் அந்த வீட்டுக்காரர் எனக்கு என்ன சொன்னால் நல்லது என்று பலமுறை யோசித்துப் பார்த்தேன். ஒரு வசனமும் வரவில்லை.

வியாழக்கிழமை மாலை பகல் வெளிச்சம் போவதற்கு முன் படம் எடுக்கலாம் என்று பதக்கத்தைக் குசினி மேசையில் ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்தேன். அதற்குள் வேலையிடத்திலிருந்து அழைப்பு. மேல்மாடியில் கணினிக்கு முன்னால் நேரம் போய்விட்டது. கீழே வந்தபோது தாள் மட்டும் இருந்தது.

வியாழக்கிழமை மாலைகளில் என் மனைவி சாமித்தட்டுச் சாமான்களை மினுக்குவாள். மறுநாள் வெள்ளி. குத்துவிளக்கு, செம்பு, மணி எல்லாம் கழுவும் தொட்டியின் ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்தாள். அவற்றுக்குப் பக்கத்தில், பழைய துணியின் மேல், பதக்கம் கிடந்தது. பளபளவென்று, செம்பொன் நிறத்தில். நேற்று வார்த்து எடுத்தது போல.

"இஞ்சருங்கோ, பாத்தனியளே," என்றாள். சந்தோசமாகத்தான் சொன்னாள். "கறுத்துப்போய்க் கிடந்தது. புளியும் உப்பும் போட்டுத் தேய்ச்சன். என்ன வடிவு."

நான் கதிரையை இழுத்து இருந்தேன்.

"ஏன்?"

"அதைத் தொடக்கூடாது. அந்தக் கறுப்புத்தான் அதின்ரை வயசு."

"ஒருத்தற்றை சாமானைத் திருப்பிக் குடுக்கேக்க ஊத்தையாவே குடுக்கிறது? அன்ரி எங்களைப் பற்றி என்ன நினைப்பா?" நாடாவைத் தேடினேன். அதையும் ஷாம்பூ போட்டு அலசி, மகளின் பள்ளிக்கூடக் காலுறைகளுக்குப் பக்கத்தில் காயப் போட்டிருந்தாள். அது சுருங்கி, கோடுகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்திருந்தது. படிக்க வந்த மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஓ மை கோட், அம்மா," என்று சொல்லி உடனே போய்விட்டாள்.

மனைவி பதக்கத்தை எடுத்துப் பார்த்தாள். தலைக்கவசத்துக்குக் கீழே இப்போது மூக்கும் உதடும் தெளிவாகத் தெரிந்தன. "எங்கடை விளக்கோடை சேர்த்து மினுக்கிப்போட்டன்," என்றாள், மெதுவாக. அதற்குப் பிறகு விளக்கை மட்டும் திரும்பவும் கழுவினாள்.

விடியப் போய் அன்ரியிடம் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும், அந்தப் பெண் வருவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்பது என் திட்டம். மனைவி உழுந்துவடை சுடுகிறேன் என்று மறித்துவிட்டாள். வெறுங்கையோடு போகக் கூடாதாம். வடைப்பெட்டியும் லேஞ்சிக் கைக்குட்டையில் சுற்றிய பதக்கமுமாக நான் வேலியைச் சுற்றிப் போகும்போது அந்தப் பெண்ணின் கார் வந்து நின்றுவிட்டது. கதவைத் திறந்தவரும் அவரே.

"உள்ளே தயாராகிறார்," என்றார். இரண்டையும் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். நான் பெட்டியைக் கொடுத்தேன். லேஞ்சியைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றது அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

"அதுவா?" என்று கேட்டார்.

"அதுதான்." வேறு வழி தெரியாமல் லேஞ்சியை விரித்தேன். காலை வெயில் வாசலால் நேரே விழுந்தது. அது மினுங்கியது. "என் மனைவி கழுவிவிட்டா," என்றேன். "புளியால். நாங்கள் விளக்குகளை அப்படித்தான் கழுவுவோம். அவவுக்குத் தெரியாது." நான் ஏன் இவ்வளவு விளக்கம் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவர் தொடவில்லை. குனிந்து பார்த்தார். "இப்போது புதிது போல இருக்கிறது," என்றார்.

"ஓம்."

"அவர் என்ன செய்தார் என்று கண்டுபிடித்துவிட்டீர்களா?"

அன்ரி என்னைத் தேடச் சொன்னது இவருக்குத் தெரிந்திருக்கிறது. இல்லை என்றேன். பதிவுகள் எரிந்ததையும், பெயர் வெட்டாத விளிம்பையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"என் அம்மாவின் பக்கத்தில் யார் யார் அந்தப் பாலைக்குள் போனார்கள் என்று எங்களுக்கும் தெரியாது. போனவர்கள் என்று மட்டும் சொல்லுவோம்," என்றார். கோபமில்லை. வடைப்பெட்டியைத் திறந்து மணத்துவிட்டு, "இது சூடாக இருக்கிறதே," என்றார். பிறகு உள்ளே போனார்.

நான் வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் உள்ளே வந்து, வெள்ளையாகத் தெரிந்த அந்தச் சுவர்த் துண்டுக்கு முன்னால் லேஞ்சியோடு நின்றேன். குளியலறைக் கதவு முழுவதும் மூடவில்லை. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"கையை உயர்த்துங்கள்," என்றார் அந்தப் பெண்.

"என் தாத்தா பாண் சுட்டவர்," என்றார் அன்ரி. "அம்மா அப்படித்தான் சொன்னார். எனக்குத் தெரியாது. அவர் சண்டை பிடித்தவராகவும் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை."

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

"மற்றக் கை," என்றார் அந்தப் பெண். கொஞ்சம் கழித்து, "சூடு போதுமா?"

"போதும்," என்றார் அன்ரி.

அவ்வளவுதான் கேட்டது. பதக்கத்தைக் குசினி மேசையில் லேஞ்சியோடு வைத்துவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை நான் வீட்டிலிருந்து வேலை செய்தேன். யன்னலருகே மேசையைப் போட்டிருந்தேன். வழக்கமான நேரத்துக்கு ஒரு கார் வந்தது. அது வேறு கார். இறங்கியது வேறு பெண், இருபத்தைந்து வயதுகூட இராது. அவர் போன பிறகு அன்ரி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அவள் வரவில்லை."

"லீவாக இருக்கும், அன்ரி."

"இந்தப் பிள்ளை நேபாளம். இனித் தான்தான் வருவாளாம்."

அன்ரிக்குக் காது சரியாகக் கேட்காது என்பதால் நிறுவனத்துக்கு நானே பேசினேன். அந்தப் பெண் தானாக மாறிக்கொண்டாரா, வேலை அட்டவணை மாறியதா என்று கேட்டேன். ஊழியர்களின் விபரம் தருவதில்லை என்று இனிமையான குரல் ஒன்று சொன்னது. அட்டவணை அடிக்கடி மாறும் என்றும் சொன்னது. நான் குடும்பத்து ஆளா என்று கேட்டது. பக்கத்து வீடு என்றேன். அப்படியானால் மன்னிக்கவும் என்றது.

அதைச் சொல்ல வெள்ளிக்கிழமை அன்ரியிடம் போனேன். பதக்கம் நான் வைத்த இடத்திலேயே லேஞ்சிக்குள் கிடந்தது. காற்றுப்பட்ட ஓரத்தில் மினுக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது. புளி போட்டுத் தேய்த்த வெண்கலம் அப்படித்தான், விட்டால் திரும்பக் கறுக்கும். பழைய கறுப்பு மட்டும் வராது. வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார் அன்ரி. மனைவி சாமித்தட்டு இருக்கிற வீட்டுக்குள் அது இனி வேண்டாம் என்றிருந்தாள். அதனால் இருவருமே அதை மேசையில் விட்டுவிட்டோம்.

"நான் சொன்னதாலா போனாள்?" என்று கேட்டார் அன்ரி. "அல்லது சொல்ல இவ்வளவு நாள் எடுத்ததாலா?"

"அட்டவணை மாறியிருக்கலாம்."

"கண்டுபிடித்துச் சொல்."

பார்க்கிறேன் என்றேன். பார்க்க ஓர் இடமும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்போது நேபாளத்துப் பெண் உள்ளே வந்தார். காலணியைக் கழற்றினார், கையைக் கழுவினார். தன் பையை வைக்க இடம் தேடி, குளியலறைக்குப் போகும் வழியில் சுவரில் இருந்த வெறும் ஆணியைக் கண்டு அதில் மாட்டினார். பை அந்த வெள்ளைத் துண்டை முழுவதும் மறைத்தது. அன்ரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணீரைத் திறக்கட்டுமா?" என்று அந்தப் பிள்ளை கேட்டது.